அத்தையின் இடது கால்

அத்தியாயம் 14

காலை ஆறு மணிக்கு முப்பது பேரை ஒரே அதட்டலில் குனிய வைத்து நிமிர வைக்கிறவளுக்கு, சொந்தத் தம்பியிடம் ஒரு வாக்கியம் சொல்ல ஒரு வாரம் போதவில்லை.

போன வாரம் அவளைத் தம்பி வீட்டு வாசலில் விட்டிருந்தோம். அழைப்பு மணியின் மேல் விரல் இருந்தது. அழுத்தினாளா? எங்கே! விரலை மடக்கிக்கொண்டு நாலு மாடிப் படியும் சத்தமில்லாமல் இறங்கிப் போய்விட்டாள். அதையும் உடற்பயிற்சி என்று சொல்லிக்கொள்ளக் கூடியவள்தான்.

இன்று வியாழன். நாளைக் காலை எட்டு மணிக்குத் தம்பிக்கு எடை குறைப்பு ஆபரேஷன். இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு வாழைப்பழம் அளவுக்குத் தைத்துவிடுவார்கள். அவள் மனசுக்குள் பூட்டி வைத்திருக்கிற விஷயம் டாக்டர் காதுக்குப் போய்ச் சேர இன்று ஒரு பகல்தான் பாக்கி.

விஷயம் இதுதான். ஊருக்கெல்லாம் அவள் 'கோச்'. மரச்சாமான் கடைக்கு மேலே மாடியில் எடை குறைப்பு வகுப்பு நடத்துகிறாள். நுழைந்ததும் எதிர்ச்சுவரில் ஆளுயரப் படங்கள் இரண்டு. இடது பக்கம் நூற்றுப் பன்னிரண்டு கிலோவில் அவள், வலது பக்கம் அறுபத்தொன்றில் அவள். நடுவே சிவப்பு எழுத்தில் 'குறுக்கு வழி கிடையாது'. வகுப்பில் சேருகிற எல்லோருக்கும் அதே வாசகம் அச்சிட்ட பனியன் உண்டு.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவள் போனது என்னவோ குறுக்கு வழியில்தான். 'நாலு மாசம் பயிற்சி முகாம்' என்று சொல்லிவிட்டு வேறொரு ஊருக்குப் போய், நாளைக்குத் தம்பிக்குச் செய்யப்போகிற அதே ஆபரேஷனைச் செய்துகொண்டு வந்தாள். அதோடு முடிந்திருந்தால் கதையே இல்லை. மூன்றாவது வாரம் இடது கால் வீங்கியது. காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்கு ஏறி, ஒன்பது நாள் ஐ.சி.யு.வில் கிடந்தாள். 'இது பரம்பரையாக வருகிற கோளாறு, கூடப்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் கட்டாயம் சொல்லுங்கள்' என்று அந்த ஊர் டாக்டர் கடிதமே எழுதிக் கொடுத்தார்.

கோச் அந்தக் கடிதத்தை நாலாகக் கிழித்து ரயில் ஜன்னல் வழியாகப் பறக்க விட்டாள். ஊர் வந்து இறங்கியதும் சொன்னது வேறு.

"மனசு வச்சேன். குறைஞ்சுது."

இன்று காலை வகுப்பில் முன் வரிசைப் பெண் ஒருத்தி, உட்கார்ந்து எழுகிற பயிற்சியில் பதினெட்டோடு நின்றுவிட்டாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"என்ன, மூச்சு முட்டுதா?" என்றாள் கோச். "நேத்து தின்னும்போது முட்டுச்சா?"

வகுப்பே சிரித்தது. அந்தப் பெண்ணும் சேர்ந்து சிரித்தாள். அவளுக்கு வேறு வழி இல்லை. கோச்சுக்கு இவர்களைப் பார்த்தால் கோபம்கூட வருவதில்லை. ஒரு இளக்காரம், அவ்வளவுதான். வாயைக் கட்டத் தெரியாத கும்பல் என்று நினைப்பாள். நினைப்பதோடு நிறுத்தாமல் சொல்லவும் செய்வாள். திட்டு வாங்கினால்தான் எடை குறையும் என்று நம்புகிற கூட்டம் எல்லா ஊரிலும் இருக்கிறது, அதனால் வகுப்பில் இடம் காலியாக இருந்ததே இல்லை.

போன வருஷம் அதே முன் வரிசையில் தம்பி நின்றான். நூற்று முப்பத்தெட்டு கிலோ. அவன் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் ஏறி இறங்குகிற வழிக்கு அடியில் இருக்கிற பள்ளத்தில் இறங்கி வேலை பார்த்தவன், ஒரு நாள் ஏணிக்கும் சுவருக்கும் நடுவே சிக்கிக்கொண்டான். இரண்டு பேர் பிடித்து இழுத்துத்தான் வெளியே எடுக்க முடிந்தது. அன்றிலிருந்து கம்பெனியில் அவனுக்குப் போன் எடுக்கிற வேலை. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் அலறுவார்கள். இவன் நிதானமாக எந்தக் கட்டடம், எந்த மாடி, உள்ளே எத்தனை பேர் என்று கேட்டு ஆள் அனுப்ப வேண்டும்.

மறுபடி பள்ளத்தில் இறங்க வேண்டும் என்ற ஆசையில்தான் அக்காவின் வகுப்பில் சேர்ந்தான். அவன் எழ முடியாமல் பொத்தென்று உட்காரும் ஒவ்வொரு தடவையும் மொத்த வகுப்பையும் உரக்க எண்ணச் சொன்னாள் அக்கா. ஆறு வயதில் அவனுக்கு வைத்த 'பூசணி' என்ற பட்டப்பெயரை முப்பது பேருக்கும் சொல்லிக் கொடுத்தாள். மூன்று மாதம் தாக்குப்பிடித்தான். நாலாவது மாதம் வரவில்லை.

"ஓடிட்டான் பாருங்க," என்று வகுப்பில் அறிவித்தாள். "ஓடச் சொன்னா ஓட மாட்டாங்க, இதுக்கு மட்டும் ஓடுவாங்க."

வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்தபோது கணவர் சாப்பாட்டு மேஜையில் இருந்தார். மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர். யாரிடமாவது பேசுவதற்கு முன் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்கிற பழக்கம் உண்டு. இப்போதும் துடைத்தார்.

கோச் மூன்று வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டை நகர்த்தினாள். 'எங்க கோச் மூணு வாய்க்கு மேல தொட மாட்டாங்க' என்று வகுப்பில் கதை கதையாகச் சொல்வார்கள். நாலாவது வாய்க்கு உள்ளே இடம் கிடையாது என்பதுதான் அதில் இருக்கிற கட்டுப்பாடு. பிறகு ஹேர்பின் டப்பாவைத் திறந்து, ஆயுசு முழுக்கச் சாப்பிட வேண்டிய சத்து மாத்திரைகளை எடுத்து விழுங்கினாள். ஹேர்பின்களுக்கு அந்த வீட்டில் வேறு இடம் பார்த்து வருஷம் பதினொன்று ஆகிறது.

"இன்னிக்காவது அவன்கிட்ட சொல்லிடு," என்றார் கணவர்.

"என்னன்னு? 'டேய், பதினோரு வருஷமா உன்னை முட்டாளாக்கினேன்'னா?"

"எனக்கு ரத்தம் உறைஞ்சுது, உனக்கும் உறையலாம், டாக்டர்கிட்ட சொல்லுன்னு சொல்லு. ஒரு நிமிஷ வேலை."

"ஏன் உறைஞ்சுது, எப்ப உறைஞ்சுதுன்னு கேப்பாங்க. அவன் கேக்கலன்னாலும் அவன் பெண்டாட்டி விடுவாளா? தையக்காரி. ஒரு நூல் தொங்கினா போதும், பிடிச்சு இழுத்துப் பார்க்காம இருக்க மாட்டா."

"அவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"ஊருல தினம் பத்துப் பேருக்குப் பண்றாங்க. எல்லாரும் செத்தா போறாங்க?"

"நீ போக இருந்தே," என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார். அவர் அதற்கு மேல் பேசுகிற ரகம் இல்லை. அந்த வீட்டில் இத்தனை வருஷம் பொய் பத்திரமாக இருந்ததற்கு அவருடைய அந்தக் குணமும் ஒரு காரணம்.

போன் சிணுங்கியது. வெளியூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற மகள். வயது இருபது. பத்து மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து திங்கட்கிழமைதான் போய்ச் சேர்ந்திருந்தாள்.

'அம்மா, பீரியட்ஸ் மாத்திரை தீரப்போகுது, சீட்டு அனுப்பு. அப்புறம் இடது கெண்டைக்கால் ரெண்டு நாளா வலிக்குது. அந்தக் கால் ஷூ மட்டும் இறுக்குது.'

இருபது வயதில் கால் வலியாம். கோச்சுக்கு எரிச்சலாக வந்தது. விரல் தானாக ஓடியது.

'உட்கார்ந்தே இருந்தா வலிக்கத்தான் செய்யும். ஒழுங்கா ரெண்டு கிலோமீட்டர் ஓடு. மாமா மாதிரி ஆகிடாத.'

'சரிம்மா. காலேஜ் முடிஞ்சதும் ஓடறேன். திட்டாத.'

அது முடிந்தது. அடுத்து, நாலு நாளாகத் திறக்காமல் வைத்திருந்த குடும்பக் குழுவைத் திறந்தாள். தம்பி மனைவி ஆஸ்பத்திரிப் படிவத்தைப் படம் பிடித்துப் போட்டிருந்தாள். குடும்பத்தில் யாருக்கெல்லாம் என்னென்ன நோய், யாருக்காவது ஆபரேஷனில் சிக்கல் வந்ததா என்று கேட்கிற படிவம். 'உங்களுக்குத் தெரிஞ்சதை எழுதுங்க, உங்க பையன் உயிர் விஷயம்' என்று கீழே எழுதியிருந்தாள்.

பதில்களைப் பார்க்க வேண்டுமே! இரண்டு தடவை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து, ரத்தக் குழாயில் கம்பிவலை வைத்துக்கொண்ட சித்தப்பா, 'நம் பரம்பரையில் இதய நோய் என்ற பேச்சுக்கே இடமில்லை' என்று எழுதியிருந்தார். தினம் இன்சுலின் போட்டுக்கொள்கிற பெரியம்மா, 'சக்கரையா? எனக்கா? கொஞ்சம் ஜாஸ்தி, அவ்வளவுதான்' என்று எழுதியிருந்தாள். சித்தப்பாவின் மருமகன் கூப்பிய கைகளின் படம் போட்டிருந்தான். குடும்பம் முழுக்க ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கிவிட்டு, எழுதச் சொன்னால் மட்டும் எல்லோரும் இரும்பாகிவிடுகிறார்கள். கல்யாணத்துக்கு வரன் பார்க்கிறவர்கள் வந்து படிக்கப்போகிற மாதிரி ஒரு பதைப்பு.

'சரியான பொய்க்காரக் கூட்டம்' என்று நினைத்துக்கொண்டாள் கோச். நினைத்துக்கொண்டவளின் பெயரும் அதே குழுவில்தான் இருந்தது.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. உண்மையும் டாக்டருக்குப் போய்ச் சேர வேண்டும், தன் பெயரும் வெளியே வரக் கூடாது. அதற்கு ஒரே வழி, தன் காலை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவது. குடும்பத்தில் செத்துப்போன ஆள் யார்? அத்தை. அப்பாவின் அக்கா. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தவள். செத்தவர்கள் எழுந்து வந்து மறுப்புச் சொல்ல மாட்டார்கள். தன் சாமர்த்தியத்தை நினைத்து அவளுக்கே பெருமையாக இருந்தது. இப்படிப் பெருமைப்படுகிற தருணங்களில்தான் மனிதர்கள் மகா மட்டமாகத் தெரிகிறார்கள்.

மாலை நாலு மணிக்கு ஆஸ்பத்திரி. மயக்க மருந்து டாக்டரின் அறைக்கு வெளியே கைப்பிடி இல்லாத பெஞ்சில் தம்பி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவன் மனைவி, மடியில் கோப்பு. துணிகளைச் சீர்செய்து தருகிற கடை அவளுடையது. இந்த அஞ்சு வருஷத்தில் அவன் கால்சட்டைகளின் தையலைப் பிரித்துப் பிரித்து, பிரிக்கத் துணி தீர்ந்துபோனதும், ஓரத்தில் வேறு துணி வைத்துத் தைத்துக் கொடுத்தவள்.

"அக்கா! நீ வருவேன்னு நினைக்கவே இல்ல," என்று தம்பி எழுந்தான். முகமெல்லாம் சந்தோஷம்.

"உட்காரு, உட்காரு. எழுந்திரிக்கவே அஞ்சு நிமிஷம் ஆகுது உனக்கு."

"வாங்க அண்ணி," என்றாள் தம்பி மனைவி. சிரிக்கவில்லை.

கதவைத் திறந்துகொண்டு நர்ஸ் வந்தாள். வந்தவள் அப்படியே நின்றாள். "கோச்! நீங்க இங்கயா?"

கோச்சுக்குத் தன் மாணவிகளின் பெயர் எதுவும் நினைவில் நிற்காது. நிற்கிற இடத்தை வைத்துத்தான் அடையாளம். இவள் இரண்டாவது வரிசை.

"பேஷண்ட் உங்க தம்பியா?" இரண்டாவது வரிசை குரலைத் தாழ்த்தினாள். "உங்க வீட்டுல இருந்துட்டு எப்படி கோச் இவரு இதுக்கு..."

"என்ன பண்றது? எல்லாருக்கும் மனசு உறுதியா இருக்காது," என்றாள் கோச். அதை அவள் தாழ்ந்த குரலில் சொல்லவில்லை. தம்பி தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

டாக்டர் சின்னப் பெண்ணாக இருந்தார். பள்ளிக்கூடத்திலிருந்து நேரே வந்து உட்கார்ந்த மாதிரி. கோச்சுக்கு முதல் பார்வையிலேயே மதிப்பு வரவில்லை. மேஜை மேல் பிளாஸ்டிக் இரைப்பை ஒன்று, வெட்டி எடுக்கும் பகுதியைக் கழற்றி மாட்டிக் காட்டுகிற விதத்தில் இருந்தது. அவள் அதைப் பார்க்காமல் உட்கார்ந்தாள். நாற்காலியில் கைப்பிடி இருந்ததால் தம்பி நின்றான்.

"எனக்கும் நாற்காலிக்கும் ஒத்துவராது டாக்டர். நான் ஏறினா லிஃப்டே மணியடிக்கும்."

டாக்டர் சிரித்துவிட்டு, நர்ஸை முக்காலி கொண்டுவரச் சொன்னார். கோப்பைப் புரட்டினார். தூக்கத்தில் மூச்சு நிற்பது, சர்க்கரை, இரத்த அழுத்தம் எல்லாவற்றையும் வரிசையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

"குடும்பத்துல யாருக்காவது ரத்தம் உறைஞ்சு கால்லயோ நுரையீரல்லயோ அடைப்பு வந்திருக்கா?"

"எல்லாரையும் கேட்டுட்டேன் டாக்டர்," என்றாள் தம்பி மனைவி. "யாருக்கும் எதுவுமே இல்லைன்னாங்க. அப்படி ஒரு ஆரோக்கியமான குடும்பம்."

டாக்டரின் பேனா 'இல்லை' என்ற கட்டத்தை நோக்கிப் போயிற்று.

"இருந்துது," என்றாள் கோச். "எங்க அத்தைக்கு. அப்பாவோட அக்கா. இடது கால்ல."

பேனா நின்றது. தம்பி முக்காலியிலிருந்து திரும்பிப் பார்த்தான்.

"எந்த வயசுல?"

"எழுபத்திநாலு இருக்கும். இடுப்பு எலும்பு உடைஞ்சு படுத்த படுக்கையா இருந்தாங்க."

"ஓ, சரி." டாக்டரின் முகத்தில் இருந்த கவனம் அப்படியே இறங்கிவிட்டது. "அந்த வயசுல, எலும்பு உடைஞ்சு படுத்திருந்தா யாருக்கும் வரக்கூடியதுதான். அதை வச்சு இவருக்குப் பரம்பரையா இருக்குன்னு சொல்ல முடியாது. ரத்தம் உறையாம இருக்க எல்லாருக்கும் போடற வழக்கமான ஊசியே போதும்." ஒரு வரி எழுதிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார்.

கோச் நாற்காலியின் நுனிக்கு வந்தாள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கும் அந்த வழக்கமான ஊசியைத்தான் போட்டார்கள்.

"இல்ல டாக்டர், அவங்களுக்கு ரொம்ப மோசமா வந்துது. நுரையீரலுக்கே ஏறிடுச்சு. ஒன்பது நாள் ஐ.சி.யு. ரத்தம் டெஸ்ட் பண்ணி, பரம்பரைக் கோளாறுன்னே சொன்னாங்க. ஆறு மாசம் மாத்திரை, வாரா வாரம் ரத்தம் குத்தி எடுத்து..."

"அக்கா," என்றான் தம்பி. "என்ன சொல்றே நீ? அத்தை எப்ப ஐ.சி.யு.ல இருந்தா? வீட்டுலதானே செத்தா?"

"உனக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியாதா? கடைசி மூணு மாசம் அவளைத் தூக்கி உட்கார வச்சதே நான்தான். தினம் வெந்நீர்ல காலைத் துடைச்சு விட்டிருக்கேன். ரெண்டு காலும் குச்சி மாதிரி இருக்கும். ஒரு நாள்கூட வீங்கினதில்ல. நீதான் பார்க்க வரவே இல்லையே, வகுப்பு இருக்குன்னு சொல்லிட்டு."

இப்படி ஒரு தப்பை இவள்தான் செய்ய முடியும். செத்தவள் மறுக்க மாட்டாள் என்று கணக்குப் போட்டவளுக்கு, அந்தச் செத்தவளின் காலைத் தினமும் துடைத்துவிட்ட ஒருத்தன் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறான் என்பது தோன்றவில்லை. பூசணி என்று கூப்பிடுகிற ஆளைப் பற்றி அதற்கு மேல் தெரிந்துகொள்ள அவள் என்றைக்கும் மெனக்கெட்டதில்லை.

"உங்களுக்கு எப்படி இவ்வளவு விவரம் தெரியும்?" என்று டாக்டர் கேட்டார். சின்னப் பெண்ணின் கண் இப்போது அவளை விட்டு நகரவில்லை.

"எங்கயோ படிச்சேன். குழப்பிக்கிட்டேன் போல."

சொல்லி முடித்ததும் அவளுக்கே வாய் கசந்தது. டாக்டர் இரண்டு விநாடி பார்த்தார். பிறகு எழுதிய வரியை அடித்துவிட்டு 'இல்லை' என்ற கட்டத்தில் குறி போட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க டாக்டர்," என்றான் தம்பி. "அக்காவுக்கு என் மேல பாசம். பயத்துல என்னென்னவோ சொல்றா. அவ மனசு வச்சு அம்பது கிலோ குறைச்சவ. நான் குறுக்கு வழியில போறேன்னு அவளுக்கு வருத்தம். எனக்கும்தான். அவளை மாதிரி உறுதி எனக்கு இருந்திருந்தா உங்ககிட்ட வந்திருக்கவே மாட்டேன்."

அவன் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் நம்பினான். திட்டியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள், திருப்பித் திட்டியும் இருப்பாள். அவன் தன்னையே கேவலமாக நினைத்துக்கொண்டு அவளுக்காகப் பரிந்து பேசியதுதான் தாங்கவில்லை. இத்தனை வருஷம் மற்றவர்கள் மேல் தாராளமாகத் துப்பிய இளக்காரம் மொத்தமும் அவள் மேலேயே வந்து விழுந்தது. தன்னைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

டாக்டர் கோப்பை மூடப் போனார்.

"மூடாதீங்க," என்றாள் கோச். "அத்தைக்கு இல்ல. எனக்கு."

யாருக்கும் உடனே புரியவில்லை.

"எனக்குத்தான் உறைஞ்சுது. முப்பத்தாறு வயசுல. நான் சொன்னதெல்லாம் நடந்துது, ஒன்பது நாள், ஆறு மாசம், எல்லாம். அத்தை கால் இல்ல அது. என் கால்."

"முப்பத்தாறு வயசுலயா?" டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எதனால? ஏதாவது ஆபரேஷன் ஆச்சா?"

கோச் மேஜை மேல் இருந்த பிளாஸ்டிக் இரைப்பையைப் பார்த்தாள். எந்தத் துண்டு கழன்று வரும் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும்.

"நாளைக்கு இவனுக்குப் பண்ணப்போறதுதான்."

முக்காலியைக் கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றிருந்த இரண்டாவது வரிசையின் கையில் ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டை இருந்தது. அதைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். நாளைக் காலை ஆறு மணிக்குள் மொத்த வகுப்புக்கும் தெரிந்துவிடும். தெரியட்டும்.

தம்பி மனைவிதான் முதலில் பேசினாள். "நாலு நாளா அந்தப் படிவம் குழுவுல கிடக்குது அண்ணி. நீங்க பார்த்தீங்கன்னு எனக்குத் தெரியும். நேரா வந்து சொல்ல வேண்டாம், ஒரு வரி எழுதியிருக்கலாமே! இவரு செத்தாலும் பரவாயில்ல, உங்க சுவத்துல இருக்கிற படம் கிழியக் கூடாது. அப்படித்தானே?"

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

தம்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். அவன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"அப்ப என்னை எதுக்குக்கா முன் வரிசையில நிக்க வச்சே?"

அதற்குப் பதில் இருந்தது, ஆனால் சொல்லக் கூடியதாக இல்லை. அவன் விழ விழத்தான் அவள் சொந்த உழைப்பில் எழுந்தவள் மாதிரித் தெரிந்தாள்.

டாக்டர் இதிலெல்லாம் தலையிடவில்லை. நாளைய ஆபரேஷன் தள்ளிப்போகிறது என்றார். தம்பிக்கு ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும், ரத்த நோய் டாக்டர் பார்க்க வேண்டும், அப்புறம்தான் எந்த மருந்து, எத்தனை நாளைக்கு என்று முடிவு. "தெரியாம பண்ணியிருந்தா பெரிய ஆபத்து சார். தெரிஞ்சு பண்ணினா சமாளிக்கலாம். வழக்கமான ஊசி உங்களுக்குப் போதாது." பிறகு கோச் பக்கம் திரும்பினார். "கூடப்பிறந்தவங்களுக்கும் பிள்ளைங்களுக்கும் சொல்லணும்னு உங்களுக்கு எழுதிக் கொடுத்திருப்பாங்களே?"

"கொடுத்தாங்க."

"பிள்ளைங்க இருக்காங்களா?"

"ஒரு பொண்ணு. இருபது வயசு. ஹாஸ்டல்ல இருக்கா."

"அவங்களுக்கு இது தெரியுமா?"

"தெரியாது."

"உடனே சொல்லிடுங்க. அவங்களும் டெஸ்ட் பண்ணிக்கணும். முக்கியமா ஹார்மோன் மாத்திரை எதுவும் தொடக் கூடாது. இந்த பீரியட்ஸ் சீரா வர்றதுக்குக் கொடுப்பாங்களே, அது. ரொம்ப நேரம் பஸ்ல, விமானத்துல அசையாம உட்கார்ந்து வரவும் கூடாது. ஒரு கால் மட்டும் வலிச்சாலோ வீங்கினாலோ..."

டாக்டர் நிறுத்திவிட்டார். கோச்சின் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"என்னம்மா ஆச்சு?"

அவள் போனை எடுத்து மேஜை மேல் வைத்தாள். காலையில் வந்த செய்தி அப்படியே திறந்து கிடந்தது. கீழே அவள் எழுதிய பதிலும். டாக்டர் படித்தார். தம்பி எட்டிப் பார்த்துப் படித்தான். 'மாமா மாதிரி ஆகிடாத' என்ற இடத்தில் அவன் கண் ஒரு கணம் நின்று, பிறகு மேலே போயிற்று.

"போன் பண்ணி நிறுத்துங்க," என்றார் டாக்டர். "ஓடக் கூடாது. நடக்கவே கூடாது. நேரா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. இப்பவே!"

மகள் போனை எடுக்கவில்லை. கோச் மறுபடி அழுத்தினாள். மறுபடியும் எடுக்கவில்லை. மூன்றாவது தடவை அவள் விரல் எந்த எண்ணையும் தொடவில்லை, கண்ணாடி மேல் வழுக்கிக்கொண்டே இருந்தது. முப்பது பேரை அதட்டுகிற குரல் எங்கே போயிற்றோ.

தம்பி அவள் கையிலிருந்து போனை வாங்கினான்.

"ஹாஸ்டல் வார்டன் நம்பர் இதுல இருக்கா? என்னன்னு போட்டிருக்கே?"

"வா... வார்டன்னுதான்."

அவன் தேடி எடுத்து அழைத்தான். எல்லோரும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் வைத்தான். அவன் குரலில் கோபமும் இல்லை, பதற்றமும் இல்லை. நடு வழியில் லிஃப்ட் நின்று உள்ளே அலறுகிறவர்களிடம் தினம் பேசுகிற அதே குரல். அந்த வேலையைத்தான் கோச் வகுப்பில் 'போன் பொறுக்கி' என்று நக்கல் அடிப்பாள்.

"வணக்கம் மேடம். உங்க ஹாஸ்டல்ல இருக்கிற பொண்ணோட தாய்மாமா பேசறேன்." மருமகளின் பெயரையும் அறை எண்ணையும் சொன்னான். அறை எண் அவனுக்குத் தெரிந்திருந்தது. "அவ இப்ப எங்க இருக்கா? நீங்க பதற வேண்டாம், ஆனா எனக்கு உடனே தெரியணும்."

"அவளா? காலேஜ் விட்டதும் மைதானத்துக்குப் போனா சார். அரை மணி நேரம் ஆச்சு."

"ஓடறதுக்கா?"

"ஆமா சார். நொண்டி நொண்டித்தான் போனா. கால் வீங்கியிருக்கு, இன்னிக்கு வேண்டாம், போய்ப் படுன்னு சொன்னேன். கேக்கல." வார்டனின் குரல் கொஞ்சம் தயங்கியது. "ஓடலைன்னா அம்மா கேவலமாப் பேசுவாங்க மேடம்னு சொல்லிட்டுப் போனா."

தம்பி அக்காவைப் பார்க்கவில்லை.

"மைதானத்துக்கு ஆள் அனுப்புங்க மேடம்," என்றான். "நான் லைன்லயே இருக்கேன்."